மூன்று மா நிலமும் ஒரு சீமைக் காரும்

எங்கள் வீட்டில் மின்சாரம் கிடையாது. கழிப்பறை கிடையாது. கதவு என்று சொல்லிக்கொள்ள ஒரு தட்டிதான் உண்டு. ஆனால் கார் இருந்தது. கறுப்பு நிறம், உருண்டு நீண்ட மூக்கு, வெள்ளைக்காரன் நாட்டில் செய்தது. கீழத்தெருவின் கடைசிக் குடிசை வாசலில் அது நின்றது. ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள், யாரோ பெரிய மனிதர் துக்கம் விசாரிக்க வந்திருக்கிறார் போலிருக்கிறது என்று தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன்.

அது எப்படி வந்தது என்று கேட்டால் அப்பாவிடம் ஒரே பதில்தான். "ஐயா குடுத்தாரு." அம்மாவிடமும் ஒரே பதில்தான். "என் மூணு மாவ முழுங்கிட்டு வந்து நிக்கிது." இரண்டுமே உண்மை. இருபத்தைந்து வருஷம் அந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில் நான் சோறு தின்றேன்.

ஐயா என்பவர் எங்கள் தெரு முழுக்க வேலை செய்த பண்ணையின் மிராசுதார். அப்பா சின்ன வயதில் அங்கே மாடு மேய்க்கப் போனவர். பிறகு கார் கழுவினார். டிரைவர் கோபித்துக்கொண்டு போன ஒரு நாளில் வண்டியை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தார். அன்றிலிருந்து அவர்தான் டிரைவர், அவர்தான் மெக்கானிக். ஐயாவைப் பின்னால் உட்காரவைத்துத் தஞ்சாவூர் வரை ஓட்டிக்கொண்டு போகலாம். திரும்பி வந்து தாகம் எடுத்தால் கொல்லைப்பக்கம் போய், மேலிருந்து ஊற்றுவதைக் கையேந்தித்தான் குடிக்க வேண்டும். இதில் அப்பாவுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அதனாலேயே எனக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை.

அப்பாவுக்கு ஐயா மூன்று மா நிலத்தை வாரத்துக்கு விட்டிருந்தார். எங்கள் பக்கத்தில் மூன்று மா சேர்ந்தால் ஓர் ஏக்கர். நிலம் அவருடையது, பாடு எங்களுடையது, விளைந்ததில் ஆளுக்கொரு பங்கு. பாடு எங்களுடையது என்றால் அம்மாவுடையது. அப்பா வண்டிக்குக் கீழே கிடப்பார். அம்மா வயலில் கிடப்பாள். வாய்க்காலை ஒட்டிய வயல் துண்டு; எங்கள் பேச்சில் தாக்கு. மடையைத் திறந்தால் முதல் தண்ணீர் அதற்குத்தான். நாற்று விட்டது, நட்டது, களை எடுத்தது எல்லாம் அம்மாதான். "மேலக்கோடி கொஞ்சம் சொணங்கிக் கெடக்கு, பாக்கணும்" என்று அம்மா சொல்லும்போது, உடம்பு சரியில்லாத பிள்ளையைப் பற்றிச் சொல்கிறாளோ என்று தோன்றும்.

அந்த வருஷங்களில் டெல்டா முழுக்க ஒரே சண்டை. கூலி உயர்வு கேட்டு அறுப்பை நிறுத்தினோம். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். வரப்பில் செங்கொடி, ரோட்டில் போலீஸ் வேன். கோட்டையில் புதிய ஆட்சி, சட்டத்துக்கு மேல் சட்டம். நில உச்சவரம்பு என்று ஒன்று. குடிசை நிற்கும் மனை குடியிருப்பவனுக்கே என்று ஒன்று. எங்கள் மனை அப்படித்தான் எங்களுடையதானது. குத்தகைக்கும் வாரத்துக்கும் பயிர் செய்கிறவன் தன் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று இன்னொன்று. பதிந்துவிட்டால் அவனை நிலத்திலிருந்து யாரும் லேசில் கிளப்ப முடியாது. அதுவரை எல்லா நிலமும் வாய்ப்பேச்சில் ஓடிக்கொண்டிருந்தது. ஐயா வா என்றால் வயலில் இறங்க வேண்டும், போ என்றால் ஏற வேண்டும்.

நான் அப்போது எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்தேன். தெருவில் கோணாமல் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன். பெயர் பதிகிற அதிகாரி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மேஜை போட்டு மூன்று நாள் மனு வாங்கினார். தெரு முழுவதற்கும் நான்தான் மனு எழுதினேன். முதலில் எழுதியது எங்களுடையதை. அப்பா கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. முதல் நாள் "நாளைக்குப் பாக்கலாம்" என்றார். இரண்டாம் நாளும் அதையே சொன்னார். மூன்றாம் நாள் அம்மா என்னைக் கிளப்பினாள்.

"நீயே போ. அவரு எங்க இருந்தாலும் கையெழுத்து வாங்கிட்டு வா. இன்னிய விட்டா அந்த நெலத்த நான் வரப்புல நின்னுதான் பாக்கணும்."

அப்பா ஐயா வீட்டுக் கார் கொட்டகையில் இருந்தார். வண்டிக்குக் கீழே மல்லாந்து படுத்திருந்தார்; கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. ஐயா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நிலத் தகராறு ஒன்றுக்காக அவர் அன்று மத்தியானம் தஞ்சாவூர் கோர்ட்டுக்குப் போக வேண்டும். பிரேக் பிடிக்கவில்லை. என் கையில் இருந்ததை ஐயா பார்த்தார்.

"என்னடா பேப்பரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் வண்டிக்கு அடியிலிருந்து அப்பா பேசினார். "ஒண்ணும் இல்லீங்கய்யா. பய ஏதோ பரீச்சைக்கி எழுதுறான்." பிறகு என்னிடம், "நின்னுகிட்டு இருக்காத. அந்த அரை இஞ்சு ஸ்பேனர எடுத்துக் குடு" என்றார்.

நான் மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன்.

இதை எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்துவிட்டேன். தெருக்கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசியவன் நான். "உழுதவனுக்கே உரிமை" என்று சுவரில் காவியால் எழுதியவன் நான். அந்தக் கொட்டகையில் ஒரு வார்த்தை வரவில்லை. ஸ்பேனர் கேட்டார், கொடுத்தேன். அப்பாவை மட்டும் குற்றம் சொல்வதற்கு எனக்கு அருகதை இல்லை. இருந்தும் இத்தனை வருஷமும் அவரை மட்டும்தான் குற்றம் சொல்லிவந்தேன்.

மூன்று மாதம் கழித்து ஐயா புதுக் கார் வாங்கினார். பழையதை அப்பாவிடமே கொடுத்துவிட்டார். "நீ பாத்த வண்டி, நீயே வச்சுக்க. ஊரே மனு குடுத்திச்சு, நீ குடுக்கல" என்றாராம். அப்பா அதை ஓட்டிக்கொண்டு கீழத்தெருவுக்குள் வந்தபோது தெரு பின்னாலேயே ஓடி வந்தது. நானும் ஓடினேன். சாவியை என் கையில் கொடுத்தார். என் நெஞ்சு நிறைந்துபோனதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. அம்மா உள்ளேயிருந்து வெளியே வரவே இல்லை.

அடுத்த கோடையில் ஐயா வாய்க்காலை ஒட்டிய நிலம் மொத்தத்தையும் விற்றார். திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் வாங்கினார். பெயர் பதிந்திருந்தவர்களைக் கிளப்ப முடியாததால் அவர்களுடைய தாக்கை மட்டும் விட்டுவிட்டார்கள். எங்களுடையது பதியாத தாக்கு. ஐயா அப்பாவைக் கூப்பிட்டு, "அதையும் சேத்துத்தான் கேக்குறான், என்ன பண்றது" என்றாராம். அப்பா "செய்யுங்கய்யா" என்றாராம். வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா அழவில்லை, திட்டவில்லை. கருக்கரிவாளை எடுத்துக் கூரையில் சொருகிவிட்டு, மறுநாளிலிருந்து அடுத்தவர் வயலுக்குக் கூலிக்கு நடவு நடப் போனாள். நிலத்தை வாங்கியவர் அந்தத் தாக்குக்கு ஆள் கூப்பிட்டபோது அங்கும் போனாள். தான் பண்படுத்திய மண்ணில் தானே கூலிக்கு நட்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததெல்லாம் கார் வைத்தியம்தான்.

அப்பா டிராக்டர் ஓட்டப் போனார். அதில் வந்த கூலியில் பாதிக்கு மேல் வண்டிக்குப் போனது. ரேடியேட்டர் ஒழுகினால் அம்மா குழம்புக்கு அரைத்து வைத்த மஞ்சளை எடுத்துக் கரைத்து ஊற்றுவார், ஓட்டை அடைபடும். பெட்ரோல் டாங்கு கசிந்தால் துணி சோப்பை அழுத்தித் தேய்ப்பார். கீழ்த்தகடு துருப்பிடித்து உதிர்ந்த இடத்தில் மண்ணெண்ணெய் டின்னை வெட்டி அடித்தார். இன்ஜினுக்கு பேக்கிங் வெட்ட எனக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகளின் அட்டை. எலி ஒயரைக் கடித்தது. அதற்காகப் பூனை வளர்த்தார். வீட்டுக்குள் நெல்லை எலி தின்றபோது பூனை வளர்க்கத் தோன்றாத மனிதர்.

பேட்டரி செத்துப்போய் வெகுகாலம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையும் முன்னால் ஹாண்டில் போட்டுச் சுற்றித்தான் கிளப்புவார். சூடம் காட்டுவார். ஐந்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்திவிடுவார். எங்கும் போவதில்லை. ஒரு தடவை ஹாண்டில் திருப்பி அடித்து மணிக்கட்டு முறிந்தது. அது நடவு நேரம். அம்மா இரண்டு ஆள் வேலை பார்த்தாள். கட்டுப் போட்ட கையோடு அப்பா அடுத்த வெள்ளிக்கிழமை வாசலில் நின்று, "கட்டவெரல மேல போடாம சுத்து. அடிச்சா நழுவிடும்" என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் சுற்றினேன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. வால்வுகளைக் கழற்றி, மணல் போன்ற பசை தடவி, குச்சியை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துக் கடைந்து கடைந்து தேய்ப்போம். கரகரவென்ற சத்தம் மெல்ல மெல்ல வழவழப்பாக மாறும்போது அப்பா கையை உயர்த்துவார். போதும் என்று அர்த்தம். அந்த ஒரு மணி நேரம் எங்களுக்குள் சண்டை இருக்காது. எழுந்து கை கழுவும்போது அம்மாவின் கால் கண்ணில் படும். சேற்றுப்புண் வந்து விரலிடுக்கெல்லாம் வெளுத்துக் கிடக்கும். எனக்குத் திரும்பவும் ஆத்திரம் பொங்கும். அப்பாவிடம் எரிந்து விழுவேன். அடுத்த வாரம் திரும்பவும் வால்வு தேய்ப்பேன்.

காரின் பின் சீட்டில் யாரும் உட்காரக் கூடாது. வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தார். எங்கள் தெருவில் ஒரு மாப்பிள்ளை அழைப்புக்குக் காரைக் கேட்டார்கள். மேலத்தெரு வழியாக நம்ம பையன் காரில் போகட்டுமே என்று பெரியவர்களுக்கு ஆசை. அப்பா முடியாது என்றுவிட்டார். "ஐயா உக்காந்த எடம்" என்றார். செங்கொடிச் சங்கத்துக்காரர்கள் காறித் துப்பிவிட்டுப் போனார்கள். அந்தக் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டில் யாரும் போகவில்லை. அதன் பிறகு பல வீட்டு விசேஷங்களுக்கு எங்களைப் பாக்கு வைத்து அழைக்கவும் இல்லை.

ஓர் ஐப்பசியில் புயல் அடித்தது. சாயங்காலமே கூரையில் பாதி போய்விட்டது. கார் மேல் மட்டும் அப்பா அந்த வருஷம் புதுக் கீற்றில் கொட்டகை போட்டிருந்தார், அது அசையவில்லை. நானும் அம்மாவும் நனைந்துகொண்டு நின்றோம். அம்மாவுக்குக் காய்ச்சல். நான் கார்க் கதவைத் திறந்து அம்மாவைப் பின் சீட்டில் ஏற்றப் போனேன். அப்பா குறுக்கே வந்து நின்றார்.

"முன் சீட்டுல உக்காரட்டும்டா. பின்னாடி வேணாம்."

"ஏன்?" என்று கத்தினேன். "ஐயா வந்து பாக்கப் போறாரா?"

அம்மா என் கையை விலக்கினாள். "எனக்கு எந்த சீட்டும் வேணாம். வுடு" என்று சொல்லிவிட்டு, மழையோடு மழையாகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். நானும் கூடப் போனேன். அப்பா வண்டிக்குக் காவலாக அங்கேயே இருந்தார். பின்னால் எனக்கு வேலை கிடைத்துத் திருத்துறைப்பூண்டியில் வாடகை வீடு பார்த்ததும், என்னோடு வந்துவிடும்படி அம்மாவை எத்தனையோ முறை கூப்பிட்டேன். "அந்த மனுசனுக்கு யாரு சோறாக்குவா" என்று மறுத்துக்கொண்டே இருந்தாள். அவ்வளவுக்குப் பிறகும் அதைத்தான் சொன்னாள்.

ஐயா காலமானார். அப்பா மொட்டை போட்டுக்கொண்டார். நான் அவரோடு நான்கு மாதம் பேசவில்லை.

இன்னும் சில வருஷம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் ஊருக்குப் போயிருந்தபோது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. ஐயாவின் மகன் இறங்கினார். வெளியூரில் தொழில் செய்கிறவர், நாற்பது வயது இருக்கும், சிரித்த முகம். கூடவே தஞ்சாவூரிலிருந்து ஒரு மெக்கானிக். பழைய கார்களைப் புதுப்பித்து வைத்துக்கொள்வதில் இப்போது அவருக்கு ஆர்வமாம். அப்பா ஓட்டிய வண்டி இன்னும் இங்கேதான் இருக்கிறது என்று யாரோ சொன்னார்களாம்.

"நீங்க இவ்வளவு நாள் காப்பாத்தி வச்சதுக்கு ரொம்ப நன்றிங்க" என்றார். வண்டியின் பதிவுப் புத்தகம் அவர் கையில் இருந்தது. அது இன்னும் ஐயா பெயரில்தான் இருந்தது. அப்பா மாற்றித் தரச் சொல்லிக் கேட்டதே இல்லை. ஐயாவும் மாற்றிக் கொடுக்கவில்லை. நிலம் போன அதே வழியில் வண்டியும் போகிறது என்பது எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. நான் சண்டைக்குப் போனேன். அப்பா என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"சின்னய்யா பொருளு. எடுத்துக்கிட்டுப் போவட்டும்."

தலை நரைத்து, முதுகு வளைந்த மனிதர் ஹாண்டிலை எடுத்துப் போட்டார். இரண்டாவது சுற்றில் இன்ஜின் பிடித்தது. தஞ்சாவூர் மெக்கானிக் அசந்துபோனார். மகன் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார், தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒரு தாம்பாளத்தில் வேட்டி துண்டு வைத்து நீட்டினார். அப்பா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அம்மா தட்டியைப் பிடித்தபடி உள்ளே நின்றிருந்தாள்.

மகன் சந்தோஷத்தில் இருந்தார். போகிற நேரத்தில் ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. கெட்டவர் இல்லை. எனக்கு இன்றுவரை அவர் மேல் கோபம் வரவில்லை.

"அப்பா உங்களப் பத்தி அடிக்கடி சொல்லிச் சிரிப்பாருங்க" என்றார். "மனு வாங்கின வருஷம் யார் யாரு கேப்பாங்கன்னு முன்னாடியே கணக்குப் போட்டு வச்சிருந்தாராம். மொதல் பேரே உங்க பேருதானாம். அந்த மூணு மா போயிடுச்சின்னே ஒதுக்கி வச்சிட்டாராம். நீங்க கேக்கவே இல்ல. 'கேட்டிருந்தா நான் மறிச்சிருக்க மாட்டேன். பய கேக்கலியே'ன்னு கடைசி வரைக்கும் சொல்லுவாருங்க."

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். இப்போதாவது இந்த மனிதர் உடைந்து உட்காருவார், இப்போதாவது ஒரு தடவை அம்மாவைத் திரும்பிப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன்.

அப்பாவின் கண் கலங்கியது. ஆனால் முகம் மலர்ந்திருந்தது. கார் தெருமுனை திரும்பும்வரை கும்பிட்டுக்கொண்டு நின்றவர், திரும்பி உள்ளே பார்த்து உரக்கச் சொன்னார்.

"கேட்டியா புள்ள? எனக்குக் குடுக்கணும்னுதான் நெனச்சிருக்காரு. மொதல் பேரே என் பேருதானாம்!"

அம்மா தட்டியை விட்டுவிட்டு உள்ளே போனாள். அடுப்பில் இருந்த உலையை இறக்கி வைத்தாள். இரண்டு சேலையை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஒன்கூட வந்துடறேன்" என்றாள் என்னிடம். "பஸ்ஸு எத்தன மணிக்கி?"

எட்டு வருஷம் என் வீட்டில் இருந்தாள். ஊர்ப்பக்கம் திரும்பிக்கூடப் போகவில்லை. நான் மாதம் ஒரு தடவை அப்பாவைப் பார்த்துவிட்டு வருவேன். அவர் தானே பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டு, வெறும் கொட்டகையின் கீழ் கயிற்றுக் கட்டிலில் கிடப்பார். கிளம்பும்போது ஒவ்வொரு முறையும் கேட்பார். "ஒங்கம்மா என்னப் பத்தி எதாவது கேட்டாளா?"

"கேட்டாங்கப்பா" என்பேன்.

பொய். நான் ஊருக்குப் போய்விட்டு வரும் ஒவ்வொரு தடவையும் அம்மா செருப்பைக் கழற்றவிடாமல் வாசலிலேயே நிறுத்திக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்தத் தாக்குல இந்தப் போகம் என்ன நெல்லு போட்டிருக்கான்?"